அறுநூத்திப் பதினாலு

மைக் செட் மெய்யநாதன்
உரப் பையில் சுற்றிக் கொண்டுவந்து வைத்தபோதே
அறை முழுக்கக் கருகிய அரக்கு வாடை.
"மழத்தண்ணி உள்ளுக்குப் போயிருச்சு தங்கச்சி,
வெள்ளிக்கெழம வேணும்."
அன்று திங்கள்.
மஸ்கெலியாவில் வெயில் என்பது
பதினொரு மணிக்கு வந்து
கொடியில் கிடக்கும் துணியைத் தொட்டுப் பார்த்துவிட்டு
ஒன்றும் சொல்லாமல் போய்விடுவது.

மீன் கத்தியின் முதுகால் தட்டித் தட்டி
தகடு தகடாய்க் கழற்றினேன்.
உள்ளே, சுருளுக்கும் சுருளுக்கும் நடுவில்
எப்போதோ யாரோ வைத்த காகிதம்
விரல் பட்டதும் சுட்ட அப்பளமாய் நொறுங்கியது.
செம்பின் மேல் குற்றமில்லை.
பக்கத்தில் பக்கத்தில் கிடந்தும்
ஒன்றையொன்று தொடாமல் இருக்க
அதற்கு ஒரு தாள் தேவைப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

ஸ்டோருக்கு வெளியே தையல் விட்டுக் கிடந்த
தேயிலைப் பேப்பர் சாக்கை எடுத்து வந்தேன்.
வெள்ளி ஒட்டிய தாளை உரித்து எறிந்தேன்,
அது மின்சாரத்துக்கு வழி விடும்.
நடுத்தாளை அடுப்புக்கு மேல் காயவைத்து
அகலத்துக்கு இரண்டு நூல் கூட்டி வெட்டி
ஓரத்தில் கத்தரியால் பல் வைத்தேன்.
தோட்டத்தின் பேரில் பாதி எழுத்து
முதல் அடுக்குக்குக் கீழே போய் மறைந்தது.

கட்டுநாயக்காவில் ஆறு வருஷம்
மெஷின் சுற்றியது, மெஷினே எண்ணியது.
இங்கே தையல் மெஷினின் கைச்சக்கரம்,
எண்ணுவதற்கு என் வாய்.
தொள்ளாயிரத்து இருபது சுற்று.
எண்பதுக்கு ஒரு தாள்.
மனதுக்குள் எண்ணினால் தவறும் எனக்கு,
சத்தமாகத்தான் வரும்.

செவ்வாய் பின்னேரம் எட்டாவது அடுக்கில்
தினுஜன் ஸ்கூல் தாளோடு வந்தான்:
"அம்மா, சைன்."
போட்டுவிட்டுத் திரும்பினால்
கையில் கம்பி இருக்கிறது, எண் இல்லை.
அறுநூத்திப் பத்தா? இருபதா?
அவிழ்த்தால் கம்பியின் பூச்சு உரியும்.
அப்படியே நின்றேன்.

லயத்துச் சுவர் கூரையைத் தொடுவதில்லை.
மேலே ஒரு முழம் இடைவெளி,
தாளிப்பும் இருமலும் வந்து போக.
அந்தப் பக்கத்தில் சந்தனமேரி.
பீலியில் யார் குடம் முதல் என்ற சண்டை,
பேச்சு நின்று ஏழு மாதம்.

"அறுநூத்திப் பதினாலு."

சுவருக்கு மேலால் வந்தது குரல்.
உடனே கரண்டி சட்டியில் உரசும் சத்தம்,
அவள் ஒன்றும் சொல்லாதது போல.
நானும் பதில் சொல்லவில்லை.
"அறுநூத்திப் பதினஞ்சு" என்றேன்,
தேவைக்குக் கொஞ்சம் கூடுதல் சத்தமாக.

வார்னிஷ் ஊறிய சுருள்
புதன் இரவு சாப்பாட்டுப் பையில் ஃபேக்டரிக்குப் போனது.
அவர் அங்கே அடுப்புக்கு விறகு போடுகிறவர்.
சூளை வாயருகே விடியும்வரை வெந்தது.
விடியுமுன் டீமேக்கர் மூக்கைத் தூக்கிக்கொண்டு வந்தாராம்:
"தூளுல வாடை ஏறுனா யாருடா பதில் சொல்றது?"
அரைப் பேர் வெட்டு.
தேன் நிறத்தில் காய்ந்திருந்த சுருளை
மேசையில் வைத்துவிட்டு
ஒரு வார்த்தை பேசாமல் தூங்கிப்போனார்.
மெய்யநாதனின் கூலியில் அதையும் சேர்க்க வேண்டும்.
சேர்ப்பேனா தெரியாது.

வியாழன் இரவு தகடுகளைத் திரும்ப அடுக்கி
வழியில் ஒரு நூறு வாட் பல்பை மாட்டி
சுவிட்சைப் போட்டேன்.
பல்பு பளிச்சென்று நின்று எரிந்தால்
நாலு நாளும் வீண்.
ஒரு தடவை கண் சிமிட்டியது.
பிறகு உள்ளே ஒரு பீடி நுனி, அவ்வளவுதான்.
தகடுகள் மெல்ல முனகத் தொடங்கின.

"எரியுதா?" சுவருக்கு அப்பால்.

"எரியல்ல."

"அய்யய்யோ."

எரியாமல் இருந்தால்தான் சரி என்பதை
சுவருக்கு மேலால் கத்திச் சொல்ல முடியாது.
நேரில் போய்த்தான் விளங்கப்படுத்த வேண்டும்.
சுவிட்சை அணைத்துவிட்டு
இருட்டில் செருப்பைத் தேடினேன்.